ஒரு சாணுக்கும் குறைவு

சிலோயே தீவில் மழைக்கு விடுமுறை கிடையாது.
பின்னிரவு இரண்டே காலுக்கு
பவுதிஸ்தா வைக்கினைக் கொண்டுவந்தார்கள்.
நண்டுக்கூடை இழுக்கும் ஆள்.
இரண்டு நாளாய்ப் பச்சை வாந்தி,
பலகையாய் இறுகிய வயிறு.

மருத்துவர் எலியானா நடுக்கோட்டில் கத்தி வைத்தார்.
நான் விளக்கைத் திருப்பினேன்.
பஞ்சுத்துணிகளை எண்ணி வைத்தேன்: இருபது.

தோல், மஞ்சள் கொழுப்பு, வெள்ளை நார்,
பிறகு அந்தப் பளபளப்பு,
வெங்காயத்தின் உள்தோல் அளவே கனம்.
அதைத் திறந்ததும் குடல் எழுந்து வந்தது
கதவுக்குப் பின்னால் காத்திருந்ததுபோல்.

நாவற்பழ நிறத்தில் ஒரு சுற்று.
பதினொரு வயதில் குடல்வால் எடுத்த தழும்பிலிருந்து
தூண்டில் நரம்பு தடிமனில் ஒரு நார் வளர்ந்திருந்தது.
அதனடியில் நுழைந்த குடல்
தன்னையே திருகிக்கொண்டிருந்தது.
பசிக்குச் சொல்வார்களே,
சிறுகுடலைப் பெருங்குடல் தின்கிறது என்று.
இங்கே தின்றது ஒரு நூல்.

கத்தரி ஒருமுறை.
திருகலை எதிர்ப்பக்கமாய் அவிழ்த்து,
வெதுவெதுப்பான உப்புநீர்த் துணியால் போர்த்தி,
சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.
'பத்து நிமிடம்.'

அந்தப் பத்து நிமிடத்தில்
மீதிக் குடலைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்க்க வேண்டும்.
முன்சிறுகுடல் வெளியே வராது;
கணையத்தின் தலையைக் கட்டிக்கொண்டு
முதுகோடு முதுகாய் ஒட்டிக் கிடக்கும்.
அது முடிகிற இடத்தில் கொக்கிபோல் ஒரு சிறு தசைநாண்.
அங்கிருந்துதான் தொடக்கம்.
ஒரு கை விட, ஒரு கை வாங்க,
படகோரத்தில் வலை இழுப்பதுபோல்.
இல்லை, அப்படி இழுப்பது அவன்.
இவர் வழியவிட்டார்.

இடைச்சிறுகுடல் தடித்தது, சிவந்தது.
விரலிடையில் உருட்டினால் உள்மடிப்புகள் தட்டும்.
அதன் நடுமடிப்பில் நாளங்கள் நெட்டையாய் இறங்கும்,
இடையிடையே கொழுப்பில்லாத சாளரங்கள்.
ஒன்றின் வழியே என் கையுறை தெரிந்தது.
கீழே போகப் போகக் குடல் மெலிகிறது,
கொழுப்பு ஏறுகிறது, சாளரங்கள் மூடுகின்றன,
நாளங்கள் குட்டையாகி
வளைவுமேல் வளைவாய்ச் செதில் அடுக்கு.
இதுவரை இடை, இதன்மேல் கடை என்று
எங்கும் ஒரு கோடு இல்லை.

ஆறு மீட்டர் விளிம்பு.
அத்தனையையும் கொசுவமாய்ச் சேர்த்து
முதுகெலும்பின் குறுக்கே சாய்வாய்ச் செருகிய இடம்
ஒரு சாணுக்கும் குறைவு.
எல்லாம் ஒரு சாண் வயிற்றுக்கு என்று சொன்னவர்
உள்ளே கைவிட்டு அளந்திருப்பாரோ.

அந்த ஈரடுக்குச் சவ்வுக்குள்
தமனி போகிறது, சிரை வருகிறது,
கொழுப்பைச் சுமக்கும் பால்நிறக் குழல்கள்,
மொச்சை அளவில் நிணக்கணுக்கள், நரம்பு.
வெறும் தாங்கி என்று அதற்குப் பெயர் போட்டவர்
எந்த வீட்டையும் தாங்கியவரில்லை.

துணியை விலக்கினோம்.
நாவல் ஊதாவாகி, ஊதா செங்கல்லாகி,
புழு ஊர்வதுபோல் ஓர் அலை நகர்ந்தது.
நாற்பது சென்டிமீட்டர் மட்டும் அசையவில்லை.
அதன் மடிப்பில் விரல் வைத்தார். துடிப்பில்லை.
வெட்டினார்.
முனையோடு முனை சேர்த்தார்,
சவ்வில் விழுந்த வாசலையும் தைத்தார்.
விட்டால் அதற்குள் இன்னொரு சுற்று நுழையும்.

கிண்ணத்தில் கிடந்ததைப் பிளந்து பார்த்தேன்.
இரு ஓரத்திலும் வெல்வெட்,
கோடி விரலிகள் நெருங்கி நின்ற புல்.
கருத்த நடுவில் வழுக்கை.

துணி எண்ணினேன். பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன். பத்தொன்பது.
யாரும் பேசவில்லை, மழையைத் தவிர.
இருபதாவது ஈரலுக்கடியில் இருந்தது.

மூன்று நாள் காலையும் மாலையும் கேட்டேன்:
'காற்றுப் பிரிந்ததா?'
அவன் கூரையைப் பார்ப்பான்,
மனைவி ரொசெந்தா சன்னலைப் பார்ப்பாள்.
நான்காம் நாள் விடியலில் அது நடந்தது.
பக்கத்துக் கட்டில் பேருந்து ஓட்டுநர்
எழுந்து உட்கார்ந்து கைதட்டினார்.

அதன்பிறகுதான் கேட்டான், எவ்வளவு வெட்டினீர்கள் என்று.
கைகளை விரித்து நாற்பது காட்டினேன்.
ரொசெந்தாவிடம் திரும்பி
அவனும் கைகளை விரித்தான்.
மீன்காரன் கை.
ஒரு மீட்டர் ஆகியிருந்தது.